வேடியப்பன் வளர்த்த எருக்கு

திருவண்ணாமலையில், பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், நானும் வேடியப்பனும் நான்கு வருஷம் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தோம். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே பால்கனி. நடுவே இடுப்பளவுக்கு ஒரு தடுப்புச் சுவர். எதிரே மலை. நான் அப்போது தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தேன். குடும்பம் ஊரில், நான் மட்டும் இங்கே. அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கு நடந்த கெடுதலில் ஒரு பங்கு என்னால் நடந்தது.

வேடியப்பன் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் நிலங்களுக்கு மருந்து அடிப்பதுதான் தொழில். பதினைந்து வருஷம் முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்தவர். 1996 ஆடி மாதம், வேர்க்கடலையில் கம்பளிப்பூச்சி மொய்த்துக் கிடந்த நேரத்தில், ஒரே நாளில் நான்கு பேர் நிலத்துக்கு அடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். எதிர்க்காற்று. மேலே சட்டை கிடையாது. நடுவில் குழாய் முனை அடைத்துக்கொண்டது. எப்போதும் செய்வதுபோல் அதை வாயில் வைத்து ஊதினார். அடுத்த நிலத்தின் வரப்பில் ஏறும்போது வாயில் நுரை தள்ள விழுந்துவிட்டார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டு மூன்று வாரம் ஆவதற்குள் கால் பாதங்கள் தொங்க ஆரம்பித்தன. அப்புறம் விரல்கள். மருந்து நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்ள மனைவியைக் கூப்பிட வேண்டிய மனிதராகிவிட்டார்.

மனைவி ஆராயிக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அதற்காகத்தான் ஊரை விட்டு இங்கே வந்தார்கள். ஒரே மகளை அதற்கு முன்பே வந்தவாசிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஆராயி காலையில் வேலைக்குப் போகும்போது பால்கனிக் கதவை வெளிப்பக்கமாகக் கயிற்றால் கட்டிவிட்டு, தடுப்புச் சுவரைத் தாண்டி என் போர்ஷன் வழியாக இறங்கிப் போவாள். முதல் தடவை, "எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது அங்கியே நின்னுக்கினு கீழ பாக்குது சார். ரெண்டு தபா பாத்துட்டேன்" என்றாள். புருஷனைப் பற்றி அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தக் கதவைத் திறக்க வைத்தவை அவரைக் கொடிகள்தான். 1997 ஆடியில் கெஸ்ட் ஹவுஸில் தூக்கிப் போட்ட பெயிண்ட் பக்கெட் நான்கை ஆராயி கொண்டு வந்தாள், தண்ணீர் பிடித்து வைக்க. வேடியப்பன் அதில் மண் கொட்டச் சொன்னார். விதையைக் கையால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் வைத்து மண்ணுக்குள் தள்ளினார். "ஒரு வேள கொழம்புக்காவது என்னால ஒண்ணு வரட்டும்மே" என்று அவர் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அன்றிலிருந்து ஆராயி கதவைக் கட்டவில்லை.

கொடி கம்பியில் ஏறி, முதல் பூ எட்டிப் பார்த்த நேரம், அசுவினி வந்தது. கறுப்புப் பேன். கொழுந்து, காம்பு, பூ, எங்கே பார்த்தாலும் கறுப்பு. இலைகள் சுருண்டன. பூக்கள் காய்க்காமல் உதிர்ந்தன. பதினைந்து வருஷம் ஊர் ஊராய்ப் பூச்சியைக் கொன்றவர், நான்கு பக்கெட் செடியில் வந்த பூச்சியை ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார். மருந்து வாசனை தூரத்தில் வந்தாலே அவருக்குக் குமட்டும், மூச்சு இழுக்கும். இனிமேல் ஒரு துளி உடம்பில் பட்டாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோப்புத் தண்ணீர், சாம்பல், எல்லாம் செய்து பார்த்தாள் ஆராயி. இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "சார், புதுசா ஒண்ணு வந்திருக்குது. பாருங்க. இதாவது கைல ஆம்புடற சைஸா இருக்குது. எனக்கு நசுக்க வரல. நீங்க கொஞ்சம் நசுக்கிடறீங்களா?"

சாம்பல் நிறத்தில், முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, ஆறு கால் வைத்த குட்டி முதலை மாதிரி இருந்தன. பார்க்கவே அருவருப்பு. ஒரு பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு முப்பது நாற்பது நசுக்கியிருப்பேன். அவர் சுவரில் சாய்ந்தபடி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது அவர் பால்கனியில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"சார், நாம தப்பான ஆள அடிச்சுட்டோம்" என்றார்.

நாங்கள் விட்டுவிட்ட ஒன்று இலைக்கு அடியில் இருந்திருக்கிறது. வேறு வேலை இல்லாததால் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அது ஒவ்வொரு பேனாகப் பிடித்துத் தின்றிருக்கிறது. மதியத்துக்குள் ஒரு கொழுந்து சுத்தமாகிவிட்டது. ஐந்தாறு நாளில் அது இலையில் ஒட்டிக்கொண்டு கூடாகி, கூட்டிலிருந்து சிவப்பாக ஒரு பொறிவண்டு வெளியே வந்தபோதுதான் எனக்கும் விளங்கியது. சின்ன வயதில் தீப்பெட்டியில் பிடித்து வைத்து விளையாடியிருக்கிறேன். அதன் குஞ்சு இப்படி இருக்கும் என்று தெரியாது.

"கழனில இது எம்மாம் பாத்திருப்பேன். எல்லாத்தியும் சேத்து அடிச்சேனே" என்றார். அந்த வண்டும் இரண்டு நாளில் பறந்துவிட்டது. அந்த வருஷம் கொடி கருகிப் போயிற்று. ஒரு காய்கூட இல்லை. மார்கழி மாதம் முழுக்க அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆராயி மறுபடி கதவைக் கட்ட ஆரம்பித்தாள்.

பொங்கல் கழித்து ஒரு நாள் ஆராயியிடம் கேட்டார், வேலைக்குப் போகிற வழியில் பொறிவண்டு எதிலாவது இருக்கிறதா என்று.

"காம்பவுண்ட் ஓரம் எருக்கஞ்செடில மொய்க்குது. மஞ்சப் பேனு, அது மேல வண்டு. இன்னாத்துக்கு?"

"ஒரு செடிய வேரோட கொண்டாமே."

அன்று சுவர் தாண்டிக் கேட்ட சண்டையை மறக்க முடியாது. "குடியிருக்கற ஊட்ல எருக்கு நடுவாங்களா? பாழாப்போன ஊட்ல மொளைக்கறது அது. இருக்கறது போதாதா, இன்னும் பாழாப் போவணுமா?" என்று ஆராயி கத்தினாள். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. எருக்கின் மஞ்சள் பேன் அவரையில் ஏறாது, ஆனால் அந்தப் பேனுக்காக வண்டு வரும், முட்டை வைக்கும், அவரையில் பேன் வந்தால் அங்கேயும் தாவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் குரல் உடைந்து, "பூச்சிய கொல்லத்தான் எனக்குத் தெரியும். இப்போ அத கொல்றத கூப்புடறேன். இத வுட்டா எனக்கு வேற இன்னா இருக்குது?" என்றார்.

நான்கு நாள் கழித்து ஆராயி ஒரு கன்றைக் கொண்டு வந்தாள். வெள்ளெருக்கு. "பிள்ளையாருக்கு ஆவுற செடி. அந்த நெனப்புல வெச்சுக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மறுபடி திறந்தது. 1998 முழுவதும் அந்தப் பால்கனியில் அவர் செய்த வேலையை நான் பார்த்தேன். சமையலறைக் கொத்தமல்லி விதையைத் தூவி, பறிக்காமல் பூக்க விட்டார். பேன் இல்லாத நாளில் வண்டு அந்தப் பூத்தூளைத் தின்று தங்கியது. எறும்புகள் பேனின் இனிப்புக்காக வண்டை விரட்டுகின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு பக்கெட்டையும் தண்ணீர் ஊற்றிய தட்டில், செங்கல் மேல் வைக்கச் சொன்னார். குனிந்து நிமிர முடியாது. ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கிக்கொண்டு போய் ஊற்றுவார். பாதி வழியில் கொட்டிவிடும். திரும்பப் போவார். ஆடியில் மறுபடி அவரை விதை நட்டார். ஐப்பசியில் கறுப்புப் பேன் வந்தது. மூன்றாம் நாளே எருக்கிலிருந்து வண்டுகள் தாவின. கார்த்திகை பிறந்தபோது கொடியில் ஊதாப் பூவும் பிஞ்சும் கலந்து நின்றன.

அந்த வருஷ தீபத்துக்கு முன்னால்தான் நான் அதைச் செய்தேன்.

என் போர்ஷனில் மூட்டைப்பூச்சி தாங்க முடியவில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ராமகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. எங்கள் பால்கனியிலிருந்து மலை உச்சி நேராகத் தெரியும். தீபத்தன்று வெளியூர்க்காரர்களை அங்கே நிற்க வைக்க அவர் ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தார்.

மேலே வந்து, "ஏம்பா வேடியப்பா, மூணு நாளைக்கு பால்கனி எனக்கு வேணும். நாளைக்கு மருந்து அடிக்க ஆள் வர்றான். நீ எங்கனா போய் இருந்துக்க" என்றார்.

வேடியப்பன் எழுந்து நிற்க முயன்றார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் சேர்க்கப் பார்த்தார், விரல்கள் சேரவில்லை. "ஐயா, உள்ள அடிச்சுக்கோங்க. செடி மேல மட்டும் வேணாம். கால்ல வுழறேங்க."

"செடிய நான் இன்னா பண்ணப் போறேன்? எடுத்து ஓரமா வெச்சுக்க."

அவரால் எடுக்க முடியாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்: "கவலப்படாதீங்க. காலையில ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மொட்டை மாடிக்குத் தூக்கி வெச்சுடறேன்."

ஆராயி அன்று மாலையே அவரை ஆட்டோவில் கெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிப் போனாள். துணி துவைக்கும் கொட்டகையில் மூன்று நாள் தங்க அனுமதி வாங்கியிருந்தாள். மாடிப்படியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், எருக்க மொதல்ல தூக்குங்க. அதுல முட்ட இருக்குது" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டான். தீபத் திருவிழா சிறப்புப் பணி, உடனே வர வேண்டும் என்று. பத்து நிமிஷம் போதும் அந்த பக்கெட்டுகளைத் தூக்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வர விடவில்லை. இரவு எட்டு மணிக்கு வந்தேன். சந்து முனையிலேயே வாசனை வந்தது.

மருந்து அடித்தவன் கைப்பிடிச் சுவர், சுவரிடுக்கு, பக்கெட், கொடி எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போயிருந்தான். விளக்கைப் போட்டேன். தரையெல்லாம் சிவப்பு சிவப்பாக வண்டுகள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. எருக்கிலையில் குஞ்சுகள் சுருண்டு தொங்கின. நான் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எதைக் கழுவுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீபத்தன்று அந்தப் பால்கனியில் இருபது பேர் நின்று அரோகரா போட்டார்கள். நான் டவுனில் கூட்டத்துக்குள் நின்றிருந்தேன். மேலே பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று வாசற்படியிலேயே குமட்டி வாந்தி எடுத்தார். ஆராயி வேண்டாம் என்று தடுத்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வெகுநேரம் நின்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, நடந்ததைச் சொன்னேன். மூட்டைப்பூச்சிக்கு மருந்து கேட்டது நான் என்பதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

கொடி சாகவில்லை. பசுமையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வாரம் கறுப்புப் பேன் திரும்பி வந்தது, தின்ன ஒரு உயிரும் இல்லாத செடியில், முன்னைவிட ஜாஸ்தியாக. ஆராயி பார்த்துவிட்டு வந்து சொன்னபோது அவர், "தெரியும்" என்று மட்டும் சொன்னாராம். சோறு வைத்தால் இரண்டு வாய் வாங்குவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். "என்ன எதுனா ஆஸ்பத்திரில வுட்டுட்டு பொண்ணாண்ட போயிடு" என்று அவளிடம் சொன்னார். அவள் கதவைக் கயிற்றால் கட்டினாள். கட்டிவிட்டு என் வாசலில் நின்று, "நீங்க தூக்கி வெச்சிருக்கலாம் சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

வண்டு இருக்கிற எருக்கு தேடிப் போனேன். கிரிவலப் பாதையில் திருவிழாவுக்காகப் புதர்களை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் காம்பவுண்ட் ஓரமும் மொட்டை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கிலோமீட்டரும் சுற்றினேன். அங்கங்கே தளிர் இருந்தது, வண்டு இல்லை. வெறுங்கையோடு அவர் அறைக்குப் போய் நின்றேன்.

"வேடியப்பன், எங்க போனா கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. நான் போறேன்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கதவுப் பக்கம் திரும்பும்போது சொன்னார்: "எங்க ஊரு ஏரிக்கர. மதகுக்கு மேக்கால. அது பொறம்போக்கு. அங்க யாரும் மருந்தடிக்க என்ன கூப்புட்டதில்ல."

கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து போனேன். மதகுக்கு மேற்கே எருக்கு காடாக நின்றது. மஞ்சள் பேன் அப்பிய ஒரு கொம்பை ஒடித்து, பதினோரு வண்டுகளோடு டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். மூடியில் ஓட்டை போட வேண்டும் என்று தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார இடமில்லை, உச்சி வெயில். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் திறந்து பார்த்தபோது ஏழு செத்திருந்தன. அங்கேயே நின்று அழுதேன். முப்பத்தெட்டு வயது ஆள், பழக்கடைக்கு முன்னால் நின்று பூச்சிக்காக அழுதேன்.

மீதி நான்கை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆராயி கதவை அவிழ்த்தாள். வேடியப்பனை இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தோம். டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒன்று நேராக மலைப் பக்கம் பறந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. மீதி மூன்றும் கொம்பிலிருந்து கொடிக்கு ஏறின.

"பொட்டையா ஆணான்னு தெரியலயே" என்றார். அந்த ஒரு மாதத்தில் அவர் என் முன்னால் வாய் திறந்தது அது இரண்டாவது தடவை.

எட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பேன் மட்டும் பெருகியது. இரண்டு பக்கெட் கொடி அடியோடு கருகியது. ஒன்பதாம் நாள் காலை அவர் குரல் கேட்டு ஓடினேன். இலையின் அடியில் மஞ்சளாக, நிற்க வைத்த அரிசி மாதிரி, ஒரு கொத்து முட்டை. அவர் விரலால் தொட முடியாமல், முழங்கையால் அந்த இலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

மாசி மாதம் மீதி இரண்டு பக்கெட்டில் காய்த்தது ஒரு சொம்பு அவரைக்காய். அவருக்குப் பறிக்க வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் பறித்துக் கொடுத்தேன். ஆராயி குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொடுத்தனுப்பாமல், என்னையே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தட்டில் கை வைக்க முடியாமல் இருந்தேன்.

"வேடியப்பன், என் மேல..." என்று ஆரம்பித்தேன்.

"கோவம் இருக்குது சார்" என்றார். "இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கு பால்கனில நின்னப்போ என்ன நானே திரும்ப வரப்புல வுழுந்து கெடக்க பாத்தேன். அது போவாது. ஆறுது, சாப்புடுங்க."

சாப்பிட்டேன். ஆராயி அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

2001இல் ராமகிருஷ்ணன் அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்ட முடிவு செய்தார். அதுவரை இன்னும் இரண்டு பருவம் அவரைக்கொடி நட்டோம். பக்கெட் தூக்குவது என் வேலை. நாங்கள் பேசியதெல்லாம் பூச்சியைப் பற்றித்தான். அவர் விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. வீட்டைக் காலி செய்தபோது அவர்கள் வந்தவாசிக்கு, மகள் வீட்டுக்குப் போனார்கள். எனக்குப் போளூருக்கு மாற்றல் வந்தது. 2004இல் ஆராயியிடமிருந்து ஒரு கார்டு வந்தது, யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். காய்ச்சலில் நான்கு நாள் கிடந்து போய்விட்டாராம். காரியத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். கார்டு என் கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.